கீ மேல் பழி: ஃப்ளாய்ட் ரோஸ் பூட்டு பிரிட்ஜ், ஒரு நிகழ்வு ஆய்வு

கிட்டாரில் சுருதி நிற்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கீயைத்தான், அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிடியை. தலைப்பகுதியில் இருக்கும் ஆறு கீகளும் லூஸாகிவிட்டன என்று முடிவுகட்டி, புது செட் வாங்கி மாட்டுவார்கள். மறுநாள் மறுபடி அதே புலம்பல். நானும் ஒரு காலத்தில் இப்படிக் காசைக் கரைத்தவன்தான்.

ஒரு கீயைப் பிரித்துப் பார்த்தால் அதன் மேல் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது என்பது புரியும். உள்ளே ஒரு திருகும் ஒரு பற்சக்கரமும் இருக்கின்றன. வெளியே நீட்டியிருக்கும் காதைத் திருகினால் தந்தி சுற்றியிருக்கும் தண்டு சுழலும். ஆனால் தந்தி எவ்வளவு இழுத்தாலும் அந்தத் தண்டால் திருகைப் பின்னோக்கிச் சுழற்ற முடியாது. 18:1 என்று போட்டிருக்கும் கீயில் நாம் 18 சுற்றுச் சுற்றினால்தான் தண்டு ஒரு சுற்று நகரும். பல் தேய்ந்த பழைய கீயை விட்டுவிடுங்கள். ஓரளவு நல்ல கீ தானாக இளகாது.

அப்படியானால் சுருதி எங்கே போகிறது? இதைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு, 1970களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஃப்ளாய்ட் டி. ரோஸ் என்ற கிட்டார் கலைஞர் தன் 1957 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டாரோடு மல்லுக்கட்டிய கதை. கிட்டார் உடலில் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்தான் பிரிட்ஜ்; அவர் கண்டுபிடித்த பூட்டு பிரிட்ஜ் இன்று உலகம் முழுக்க அவர் பெயரிலேயே ஓடுகிறது. பாராட்டுவதற்காக இதை எடுக்கவில்லை. அந்தக் கருவியின் ஒவ்வொரு பாகமும் ஒரு குறிப்பிட்ட கோளாறுக்கான விடை. கூடவே, ஒவ்வொரு விடையும் புதிதாக ஒரு கோளாறைக் கொண்டுவந்தது.

பிரச்சினை பிறந்த இடம்

லியோ ஃபெண்டரின் நிறுவனம் கலிஃபோர்னியாவில் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது, அதன் பிரிட்ஜில் ஒரு கம்பியை வைத்தது. கம்பியை அழுத்தினால் பிரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்து எல்லாத் தந்திகளும் தளரும், சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு வரவேண்டும். பிரிட்ஜ் தகட்டின் முன் விளிம்பை ஆறு திருகுகள் பிடித்திருக்கும். அடியில் ஒரு கனமான இரும்புக் கட்டை உடலின் குடைவுக்குள் இறங்கியிருக்கும். பின்பக்கம் அந்தக் கட்டையை ஸ்பிரிங்குகள், அதிகபட்சம் ஐந்து, இழுத்துக்கொண்டிருக்கும். ஒருபுறம் தந்திகள், மறுபுறம் ஸ்பிரிங்குகள். தராசுதான், வேறொன்றுமில்லை.

லியோ ஃபெண்டர் இதை 'ட்ரெமலோ' என்று அழைத்தார். ட்ரெமலோ என்றால் ஒலியின் அளவு ஏறி இறங்குவது. சுருதி ஏறி இறங்குவது விப்ராட்டோ. போதாததற்கு, தன் ஆம்ப்ளிஃபயர்களில் ஒலி அளவை ஏற்றி இறக்கும் வசதிக்கு 'விப்ராட்டோ' என்று பெயர் அச்சடித்தார். எழுபது ஆண்டுகள் ஆகியும் இந்தத் தலைகீழ்ப் பெயரை யாரும் திருத்தவில்லை. நான் மட்டும் திருத்தி என்ன ஆகப்போகிறது?

சுருதி திரும்பாத நோய் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் முந்தியது. மெர்ல் ட்ராவிஸ் என்ற கிட்டார் கலைஞர், தன் பழைய விப்ராட்டோ கருவி சுருதிக்குத் திரும்பவில்லை என்று கிட்டார் செய்யும் பால் பிக்ஸ்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்ததிலிருந்துதான் பிக்ஸ்பி விப்ராட்டோ பிறந்தது. அது மென்மையாக அசைப்பதற்கானது. ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வந்து கம்பியை உடலோடு அழுத்தித் தந்தி தொளதொளவென்று தொங்கும்வரை இறக்கிய பிறகுதான் விவகாரம் முற்றியது. மேடையில் பாட்டுக்கு நடுவிலேயே அவர் கை அடிக்கடி கீக்குப் போய்வரும்.

தலைமுடியில் கால்வாசி

எவ்வளவு நகர்ந்தால் சுருதி போகும்? ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், தூக்கிவாரிப்போட்டது.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நட்டிலிருந்து, அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகள் குழிகளில் உட்காரும் பட்டையிலிருந்து, பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர். மூன்றாவது தந்தி, அதாவது ஜி, பதினேழு கேஜ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினேழு பங்கு தடிமன்) வெறும் எஃகுத் தந்தி என்று வைத்துக்கொள்வோம். 196 ஹெர்ட்ஸ் வர அதில் சுமார் 7.5 கிலோ இழுவிசை வேண்டும். அந்த இழுவையில் தந்தி மொத்தமாக நீள்வது வெறும் 1.6 மில்லிமீட்டர்தான். இழுவிசை ஒரு சதவீதம் மாறினால் சுருதி அரை சதவீதம் மாறும், அதாவது 8.6 சென்ட். ஒரு அரைஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் சென்ட். நல்ல காது ஐந்து சென்ட்டிலேயே முகம் சுளிக்கும். அப்படியானால் இந்த 8.6 சென்ட் பிசகுக்குத் தந்தி எவ்வளவு நழுவ வேண்டும்? 1.6இல் ஒரு சதவீதம். 0.016 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய கால்வாசி.

இனி பிரிட்ஜின் கம்பியை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிரிட்ஜ் பக்கம் தந்தி தளர்கிறது. நட்டுக்கும் கீக்கும் நடுவில் இருக்கும் துண்டில் மட்டும் இழுவை மிச்சமிருப்பதால், அது நட்டுக் குழியின் வழியே கொஞ்சம் தந்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கம்பியை விட்டதும் அந்தக் கொஞ்சம் திரும்பி வரவேண்டும். குழியில் உராய்வு இருந்தால் முழுதாக வராது. இந்தப் பக்கம் தந்தி குறைந்துவிட்டதால் சுருதி முன்பைவிட ஏறி நிற்கும். தந்தியை விரலால் வளைத்து வாசித்தால் இதற்கு நேர்மாறு: வளைக்கும்போது இந்தப் பக்கம் வந்த தந்தி திரும்பிப் போகாது, சுருதி இறங்கும்.

நோய் எங்கே என்று பிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. கம்பியை நன்றாக அழுத்தி விட்ட பிறகு சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் முள் ஏறி நின்றால், சந்தேகத்தை நட்டின் மேல் வையுங்கள். கீயை முறுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவினால் சந்தேகமே வேண்டாம்.

நட்டு மட்டுமில்லை. தந்தியை அழுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரிங் ட்ரீ, கீயின் தண்டில் சுற்றியிருக்கும் மூன்று நான்கு சுற்றுகள், பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடில் எல்லாமே தந்தி உராயும் இடங்கள்தான். இதையெல்லாம் பூட்டு இல்லாமலே சமாளித்தவர்களும் உண்டு. 1978இல் தன் முதல் ஆல்பம் வந்த காலத்தில் ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் தந்திகளை வெந்நீரில் கொதிக்கவைத்து முன்கூட்டியே நீட்டிவிடுவதையும், நட்டில் எண்ணெய் விடுவதையும் பற்றிப் பேசியிருக்கிறார். அதெல்லாம் பொறுமைசாலிகளின் வழி.

நகை செய்த கை

ரோஸும் முதலில் எண்ணெய் வழியைத்தான் முயன்றார். உராய்வைக் குறைக்கும் பொருள்களைத் தடவிப் பார்த்தார், கீயில் தந்தி சுற்றும் விதத்தை மாற்றிப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. இந்த இடத்தில்தான் அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார் என்று எனக்குப் படுகிறது. உராய்வைக் குறைத்து தந்தி ஒழுங்காகத் திரும்பி வரும்படி செய்வது ஒரு வழி. தந்தி நட்டைத் தாண்டிப் போகவே விடாமல் செய்வது இன்னொரு வழி. நகராத தந்திக்குத் திரும்பி வரும் வேலையே இல்லையே!

அவருக்கு நகை செய்த அனுபவம் இருந்தது. சின்ன உலோகத் துண்டுகளை அறுத்து, ராவி, பொருத்தும் கை. பித்தளையில் தானே ஒரு நட்டுச் செய்தார். அதில் 'ப' வடிவில் மூன்று கவ்விகள், ஒவ்வொன்றும் இரண்டு தந்திகளைப் பிடிக்கும். இது 1976 வாக்கில். அந்தக் கவ்விகள் போதிய பிடி கொடுக்கவில்லை என்பதால் வடிவத்தை மாற்றினார். இன்று நாம் பார்க்கும் நட்டு அந்த மாற்றிய வடிவத்தின் வழிவந்தது: மூன்று சிறு சதுரக் கட்டைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு, 3 மில்லிமீட்டர் ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியால் இறுக்கினால் இரண்டு தந்திகள் அசையாது.

ஒருபக்கம் பூட்டினால் போதுமா? மறுபக்கம் தந்தியின் நுனியில் குண்டு இருக்கிறது, அது கட்டைக்குள் உட்கார்ந்து அசையும். குண்டுக்கு மேலே இருக்கும் முறுக்குச் சுற்றும் இறுகி இளகும். ஆகவே பிரிட்ஜிலும் அதே வைத்தியம். குண்டை வெட்டி எறிந்துவிட்டு, மொட்டைத் தந்தியைச் சேடிலுக்குள் விட்டு, ஒரு சிறு கட்டையால் நெருக்கிப் பூட்டுவது. குண்டை வெட்டும்போது இன்றும் எனக்கு மனசு கொஞ்சம் பதறும். நல்ல தந்தியை வெட்டுகிறோமே என்று.

மூன்றாவது பாகம் அவ்வளவாகப் பேசப்படாதது, என் பார்வையில் அதுதான் அழகு. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிரிட்ஜ் ஆறு திருகுகளில் தொங்கியது. ஆறு இடத்தில் தொட்டால் ஆறு இடத்திலும் உராய்வு. ரோஸின் பிரிட்ஜ் நின்றது இரண்டே இரண்டு தூண்களில். தகட்டின் முன் விளிம்பைக் கத்திபோலக் கூராக்கி, தூணில் இருக்கும் பள்ளத்தில் அதைச் சாய்த்துவைத்தால் போதும். தந்திகளின் இழுவையும் ஸ்பிரிங்குகளின் இழுவையும் சேர்ந்து அதை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பழைய தட்டார் தராசின் தண்டு ஒரு கூரான விளிம்பில் நிற்குமே, அதே சங்கதி.

1979இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 4,171,661. அப்போதெல்லாம் ஒவ்வொன்றையும் கையாலேயே செய்துகொண்டிருந்தார். எட்டி வான் ஹேலன், நீல் ஷான், பிராட் கில்லிஸ் போன்ற கிட்டார் கலைஞர்கள் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டார்கள்.

பூட்டிய பிறகு எப்படிச் சுருதி சேர்ப்பது?

இங்கேதான் புதுச் சிக்கல். நட்டைப் பூட்டியாயிற்று. தந்தி இரண்டு சென்ட் பிசகியிருக்கிறது. கீயைத் திருகினால் பூட்டுக்கு அப்பால் இருக்கும் துண்டுதான் இறுகும், வாசிக்கும் பகுதியில் ஒன்றும் நடக்காது. பூட்டைத் திறந்து, சுருதி சேர்த்து, மறுபடி பூட்ட வேண்டும். பூட்டும்போது கட்டை தந்தியை அழுத்துவதால் சுருதி மறுபடி ஏறும்! வாசிப்புக்கு நடுவில் இதைச் செய்யக் கையில் ஆலன் கீயும் சபையில் மிகப் பொறுமையான கூட்டமும் வேண்டும்.

பூட்டும்போது சுருதி ஏறுவதற்கு விடை எளிது. நட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சட்டம் போட்டுத் தந்திகளைக் கீழே அழுத்திவைத்தார்கள். தந்தி முன்கூட்டியே நட்டின் படுகையில் ஒட்டிக் கிடந்தால், மேலிருந்து இறுக்கும்போது அது இழுபடாது. சில கிட்டார்களில் இந்தச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, பூட்டினால் சுருதி ஏறுகிறதே என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய விடை, பிரிட்ஜில் வந்த ஃபைன் ட்யூனர்கள். சேடிலின் வால்பகுதியை நீட்டி, அதன்மேல் ஒரு திருகு. விரலால் திருகினால் சேடில் இம்மி நகரும், பூட்டைத் திறக்காமலே சுருதி கூடும் அல்லது குறையும். இது என் யோசனை என்று எட்டி வான் ஹேலன் சொல்லிவந்தார். காப்புரிமையும் பெயரும் ரோஸுடையவை. யாருடையதாக இருந்தாலும் இது இல்லாமல் அந்தப் பூட்டு பரவியிருக்காது என்பது என் முடிவு. வீணை வாசிக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. பிரடையை முறுக்கி ஓரளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, மறுமுனையில் நாகபாசத்துப் பக்கம் லங்கர் வளையத்தைத் தள்ளித்தானே நுணுக்கமாகச் சேர்க்கிறார்கள்? வயலினிலும் வால்பக்கம் சிறு திருகு உண்டு. தடித்த வேலைக்கு ஒருமுனை, நுணுக்க வேலைக்கு மறுமுனை என்பது தந்திக் கருவிகளுக்குப் பழைய வழக்கம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நட்டைப் பூட்டும் முன் ஆறு ஃபைன் ட்யூனர்களையும் அவற்றின் பாதித் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க இறுக்கிய நிலையில் பூட்டிவிட்டால், பிறகு ஏற்ற வழியிருக்காது. இதை எல்லோரும் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ரோஸால் கையால் செய்து மாளவில்லை. 1980களின் தொடக்கத்தில் கிரேமர் கிட்டார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார், பாகங்களை ஜெர்மனியில் ஷாலர் தயாரித்தது. எட்டி வான் ஹேலன் கிரேமரின் முகமாக இருந்ததால் பிரிட்ஜும் அந்த நிறுவனமும் சேர்ந்தே வளர்ந்தன. பிறகு மற்ற நிறுவனங்கள் உரிமம் வாங்கித் தங்கள் வடிவங்களைச் செய்தன. 1991இல் விநியோகம் ஃபெண்டரிடமே போனது. எந்த பிரிட்ஜின் குறையைச் சரிசெய்யப்போய் இது பிறந்ததோ, அதைச் செய்த வீட்டுக்கே மருமகளாய்ப் போன மாதிரி.

கொடுக்க வேண்டிய விலை

சரி, சுருதி நிற்கிறது. நிஜமாகவே நிற்கிறது. தந்தி தொங்கும்வரை அழுத்திவிட்டாலும் அப்படியே திரும்பி வரும். ஆனால் இதற்கு வாசிப்பவர் தரும் விலையைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

பிரிட்ஜ் உடலைத் தொடாமல் மிதக்கும்படி வைத்திருந்தால் அது தராசு என்பது ஒவ்வொரு நிமிடமும் நினைவுக்கு வரும். ஒரு தந்தியை வளைத்தால் மற்ற ஐந்தும் சற்று இறங்கும். உள்ளங்கையைப் பிரிட்ஜில் ஊன்றினால் சுருதி ஏறும். தந்தி கேஜை மாற்றினால் ஸ்பிரிங்கையும் திருகிச் சமன்செய்ய வேண்டும். 9-42 செட்டில் (மெல்லிய தந்தி 9 கேஜ், தடித்தது 42) ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ இழுக்கின்றன. 10-46 என்றால் 46 கிலோ. அந்த எட்டுக் கிலோவை ஸ்பிரிங்குகள்தான் தாங்கியாக வேண்டும்.

ஒரு தந்தி அறுந்தால்? கல்லூரி விழா ஒன்றில் இரண்டாவது பாட்டிலேயே எனக்கு முதல் தந்தி அறுந்தது. ஆறு கிலோ ஒருபக்கம் காணாமல் போனதும் ஸ்பிரிங்குகள் ஜெயித்துவிட்டன. மிச்ச ஐந்து தந்திகளும் ஆளுக்கொரு அளவில் மேலே ஏறிக்கொண்டன. சாதாரண பிரிட்ஜாக இருந்தால் ஐந்து தந்தியில் ஒப்பேற்றியிருக்கலாம். அன்று பாட்டு முடியும்வரை வாசிப்பது போலக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். பாடியவனுக்கு அது இன்றுவரை தெரியாது.

எட்டி வான் ஹேலன் இந்த வம்பே வேண்டாம் என்று பிரிட்ஜை உடலோடு படுக்கவைத்துவிட்டார். கீழே இறக்க மட்டும்தான் முடியும், மேலே ஏற்ற முடியாது. அதற்குப் பதிலாக ஒரு தந்தி அறுந்தாலும் மற்றவை ஏறாது. ஆறாவது தந்தியைச் சட்டென ஒரு முழு ஸ்வரம் இறக்கும் டி-ட்யூனா என்ற அவருடைய சிறு கருவியும் இந்தப் படுத்த நிலையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஸ்டீவ் வாய் என்ற கிட்டார் கலைஞர் எதிர்ப்பக்கம் போனார். 1987இல் வந்த ஐபனெஸ் ஜெம் கிட்டாரில் பிரிட்ஜுக்குப் பின்னால் மரத்தையே குடைந்து, கம்பியை மேலே இழுத்துச் சுருதியை ஏற்ற இடம் செய்துகொண்டார்.

பூட்டால் தடுக்க முடியாதது ஒன்று உண்டு: வெப்பம். மேலே சொன்ன அதே ஜி தந்தியில் ஒரு டிகிரி ஏறினால் எஃகு நீள்வது ஒரு மில்லிமீட்டரில் 125இல் ஒரு பங்கு. பிரிட்ஜும் மரமும் அசையாது என்று வைத்துக்கொண்டால் அதுவே நான்கு சென்ட் இறக்கம். ஏசி அறையிலிருந்து கிட்டாரை எடுத்துப்போய் விளக்குச் சூட்டில் நிறுத்தினால் யார் செய்த பூட்டானாலும் கொஞ்சம் அசடு வழியும்.

பூட்டாதவர்கள்

ரோஸ் கைவிட்ட வழி, உராய்வைக் குறைக்கும் வழி, செத்துப்போகவில்லை. ஃபெண்டரே 1987இல் ஸ்ட்ராட் ப்ளஸ் என்ற வகையில் உருளைகள் வைத்த வில்கின்சன் நட்டையும் ஸ்பெர்சலின் பூட்டும் கீகளையும் போட்டது. பூட்டும் கீ என்றால் நட்டைப் பூட்டுவதில்லை. தண்டுக்குள்ளேயே தந்தியைக் கவ்விக்கொள்வதால் மூன்று நான்கு சுற்றுச் சுற்ற வேண்டியதில்லை, அந்தச் சுற்றுகள் இறுகி இளகும் தொல்லையும் இல்லை. கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் உருளை நட்டு வைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பியைக் கையிலிருந்து விடாமலே ஒரு வாழ்நாள் வாசித்தார். என்னைக் கேட்டால் கம்பியை மிதமாகப் பயன்படுத்துபவருக்கு இதுவே போதும். நட்டுக் குழியை அந்தந்தத் தந்திக்குத் தக்க அகலத்தில் ராவி, கொஞ்சம் பென்சில் கரி தடவினால் பாதி நோய் போய்விடும், செலவும் இல்லை.

எவர்ட்யூன் பிரிட்ஜ் வேறு ஜாதி. ஒவ்வொரு தந்திக்கும் தனியாக ஸ்பிரிங்கும் நெம்புகோலும் வைத்து, தந்தி நீண்டாலும் சுருங்கினாலும் இழுவிசை மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளும். சுருதியைத் தீர்மானிப்பது இழுவிசை என்பதால் கணக்கு சரிதான். வெப்பம், கீ நழுவல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆனால் விப்ராட்டோ கம்பிக்கு அதில் இடமில்லை. கிப்சன் கிட்டார் நிறுவனம் மோட்டார் வைத்துத் தானே சுருதி சேர்க்கும் கீகளை 2015இல் தன் பெரும்பாலான மாடல்களில் கட்டாயமாகத் திணித்து, வாங்குபவர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது. பழுது நட்டில் இருக்கும்போது கீக்கு மோட்டார் வைத்து என்ன பயன்?

போன வருடம் ஒரு நண்பன் தன் கிட்டாரை என்னிடம் கொண்டுவந்தான். மலிவான உரிம வகைப் பிரிட்ஜ். இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிறது, இருந்தும் கம்பியை அழுத்தி விட்டால் ஒருமுறை ஏறி நிற்கிறது, மறுமுறை இறங்கி நிற்கிறது. "கீயெல்லாம் மாத்திப் பாத்துட்டேன்டா, அப்பவும் நிக்கல" என்றான். ஆறும் பளபளவென்று புதுசு. பிரிட்ஜைக் கழற்றிக் கத்தி விளிம்பைச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இடது பக்கம் மழுங்கி, நடுவில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. வார்ப்பு உலோகம், போதாததற்கு, தந்திகள் முழு இழுவையில் இருக்கும்போதே தூண்களைத் திருகி உயரம் மாற்றியிருக்கிறான். விளிம்பு அப்படியே சீவப்பட்டுவிட்டது. கெட்டியான எஃகில் வேறு அடித்தகடு வாங்கி மாட்டினோம்.

நட்டைப் பூட்டிய பிறகு கீக்கு அங்கே வேலையே இல்லை என்று படம் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் புதுக் கீ செட்டை கடைக்காரன் திரும்ப எடுத்துப்பானா?" என்று கேட்டான்.